சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின்: பயனும் பாதுகாப்பும்

எங்கள் புறநோயாளிப் பிரிவில் அடிக்கடி காணும் ஒரு நிலையை முதலில் சொல்கிறோம். அறுபத்தைந்து வயதைக் கடந்த ஓர் அம்மையார். நீரிழிவுக்கு மாத்திரை உட்கொள்பவர். மூச்சிரைப்புக்காக அண்மையில் சில நாள்கள் ஸ்டீராய்டு மாத்திரையும் உட்கொண்டவர். இரண்டு முறை வயிற்றுப்போக்கு ஆனதும், மகன் தம்முடைய பழைய மருந்துச் சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் ஐந்து மாத்திரைகளை வாங்கித் தருகிறார். வயிற்றுப்போக்கு நின்றுவிடுகிறது. மூன்றாம் நாள் அம்மையாருக்குக் குதிகாலுக்கு மேலே வலி தொடங்குகிறது. அதிகம் நடந்ததால் வந்த வலி என்று எண்ணித் தைலம் தடவுகிறார்கள். மறுநாள் விடியற்காலையில் உடல் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறிய நிலையில் அவரை மருத்துவமனைக்கு அழைத்து வருகிறார்கள்.

இது தனி ஒருவரின் வரலாறு அன்று. பல குடும்பங்களிடம் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்துக் கூறுகிறோம். இதில் அன்புக் குறைவு யாரிடமும் இல்லை. அந்த மாத்திரை எத்தகையது, யாருக்கு எப்போது தரத்தக்கது என்ற செய்தி மட்டுமே அந்த வீட்டில் இல்லை. அச்செய்தியை உங்களுக்குத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாங்கள் இங்கு விளக்கவிருப்பவை குயினலோன் எனப்படும் குடும்பத்தைச் சேர்ந்த நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள். பேச்சு வழக்கில் ஆன்டிபயாடிக் என்று சொல்கிறோமே, அவ்வகையில் மிகவும் வலிமையானவற்றுள் இவையும் அடங்கும். இவற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் அறியாமல் உட்கொள்வது தவறு.

பெயரைக் கொண்டு அறிவது எப்படி?

மாத்திரை அட்டையின் முன்புறம் பெரிய எழுத்தில் காணப்படுவது நிறுவனம் இட்ட வணிகப் பெயர். அதற்கு மேலோ கீழோ சிறிய எழுத்தில் மருந்தின் உண்மைப் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். அப்பெயர் ‘ஃப்ளாக்சசின்’ என்று முடிந்தால் அது இக்குடும்பத்தைச் சேர்ந்தது எனக் கொள்ளலாம். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின், நார்ஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின் ஆகியவை நம் நாட்டில் மிகுதியாகப் பயன்படுகின்றன. வயிற்றுப்போக்குக்கென்று பலர் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் ஆஃப்ளாக்சசினும் ஆர்னிடசோலும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருப்பது உண்டு. அவற்றை உட்கொள்வோரும் குயினலோன் மருந்தையே உட்கொள்கின்றனர்.

இக்குடும்பத்தின் தோற்றம் தற்செயலானது. 1962ஆம் ஆண்டில் ஜார்ஜ் லெஷர் என்பவரும் அவருடைய குழுவினரும், மலேரியா மருந்தான குளோரோகுயினைத் தயாரிக்கும்போது கிடைத்த ஒரு துணைப்பொருளை ஆராய்ந்து, நாலிடிக்சிக் அமிலம் என்னும் மருந்தை உருவாக்கினர். அது சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்கு மட்டுமே ஓரளவு பயன்பட்டது. பின்னர் அதன் மூலக்கூறில் ஃப்ளூரின் அணு ஒன்று சேர்க்கப்பட்டபோது அதன் ஆற்றல் பன்மடங்கு பெருகியது. அவ்வாறு பிறந்தவற்றுள் ஒன்றான சிப்ரோஃப்ளாக்சசின் 1987இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

பாக்டீரியாக்கள் பெருகுவதற்குத் தம் மரபுப் பொருளாகிய டி.என்.ஏ.வைப் படியெடுக்க வேண்டும். நீண்ட கயிற்றைப் போல் முறுக்குண்டிருக்கும் டி.என்.ஏ.வின் முறுக்கை அவிழ்த்து, வெட்டி, மீண்டும் ஒட்டுவதற்கு இரண்டு நொதிகள் அவற்றுக்குத் தேவைப்படுகின்றன. குயினலோன் மருந்து அந்நொதிகளை முடக்குகிறது. வெட்டிய கயிறு ஒட்டப்படாமல் நின்றுபோவதால் பாக்டீரியா மடிகிறது. வைரஸ்களிடம் இந்நொதிகள் இல்லை. ஆகவே சளி, இன்ஃப்ளுயன்சா, டெங்கு போன்ற வைரஸ் நோய்களில் இம்மருந்தால் யாதொரு பயனும் இல்லை.

எந்த நோய்களில் பெரிதும் உதவுகின்றன?

இம்மருந்துகளின் தனிச் சிறப்பு, வாய்வழியாக உட்கொண்டாலும் அவை உடலெங்கும் நன்கு சென்று சேர்வதுதான். லெவோஃப்ளாக்சசின் மாத்திரை ஏறக்குறைய முழுமையாகவே ரத்தத்தில் கலந்துவிடுகிறது. சிப்ரோஃப்ளாக்சசினில் ஏறத்தாழ 70 விழுக்காடு கலக்கிறது. எலும்பு, புராஸ்டேட் சுரப்பி, சிறுநீரகம் போன்ற எளிதில் மருந்து நுழையாத இடங்களிலும் இவை போதிய அளவில் சென்றடைகின்றன. இதனால், நரம்பு வழியாகச் செலுத்தும் மருந்துக்காகவே படுக்கையில் இருக்க வேண்டிய நோயாளி சிலரை மாத்திரையுடன் வீட்டுக்கு அனுப்ப இயலுகிறது.

சிறுநீரகம் வரை பரவிய சிறுநீர்ப் பாதைத் தொற்று, புராஸ்டேட் சுரப்பியின் பாக்டீரியாத் தொற்று, சில வகை எலும்புத் தொற்றுகள், தேர்ந்தெடுத்த சில நிமோனியா நோயாளிகள், நுரையீரல் நோயாளிகளுக்கும் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் கண்டறியப்படும் சூடோமோனாஸ் என்னும் கிருமியின் தொற்று ஆகியவற்றில் இவை பயன்படுகின்றன. சூடோமோனாஸ் கிருமியைப் பொறுத்தவரை, வாய்வழியாக உட்கொண்டு குணம் காணத்தக்க மருந்துகள் நடைமுறையில் இக்குடும்பத்தில் மட்டுமே உள்ளன. இம்மருந்து பயனற்றுப் போனால், அந்நோயாளிக்கு ஊசி மருந்தைத் தவிர வேறு வழி இராது.

காசநோயிலும் இவற்றுக்கு முதன்மையான இடம் உண்டு. வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்கான சிகிச்சையில் லெவோஃப்ளாக்சசினும் மாக்சிஃப்ளாக்சசினும் தூண்களாக விளங்குகின்றன. 2024ஆம் ஆண்டில் இந்திய அரசு ஏற்றுக்கொண்ட ஆறு மாத கால மருந்துத் திட்டத்தில் பெடாகுயிலின், பிரெட்டோமனிட், லைனசோலிட் ஆகியவற்றுடன் மாக்சிஃப்ளாக்சசினும் இடம்பெறுகிறது.

உலக சுகாதார நிறுவனம் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளை மூன்று வகையாகப் பிரித்துள்ளது. முதலில் தரத்தக்கவை ஒரு வகை. கண்காணித்துப் பயன்படுத்த வேண்டியவை மற்றொரு வகை. இறுதிக் கட்டத்துக்கென்று சேமித்து வைக்க வேண்டியவை மூன்றாம் வகை. சிப்ரோஃப்ளாக்சசினும் லெவோஃப்ளாக்சசினும் இரண்டாம் வகையில், அதாவது கண்காணிப்புக்குரியவற்றில் வைக்கப்பட்டுள்ளன.

எங்கு இவை தேவையில்லை?

சாதாரண வயிற்றுப்போக்கு பெரும்பாலும் ஓரிரு நாள்களில் தானே அடங்கும். அப்போது உடலுக்குத் தேவையானவை நீரும் உப்பும். உப்புச் சர்க்கரைக் கரைசலாகிய ஓ.ஆர்.எஸ். அதைத் தருகிறது. ரத்தம் கலந்து போதல், கடுங்காய்ச்சல், தொடர்ந்த வாந்தி, நாக்கு வறட்சி, சிறுநீர் குறைதல் ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் வர வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை அந்த வருகைக்கு மாற்றாகாது.

சளி, தொண்டை வலி, சாதாரண மூக்கடைப்பு, இருமல் ஆகியவற்றுக்கும் இம்மருந்து வேண்டியதில்லை. எளிய சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு வேறு பாதுகாப்பான மருந்துகள் உள்ளன. மேலும், சிறுநீர்த் தொற்றை உண்டாக்கும் ஈ. கோலை கிருமிகளில் பல இந்தியாவில் குயினலோன்களுக்குக் கட்டுப்படாதவையாக மாறிவிட்டன. ஆகவேதான், முதல் மருந்தைத் தொடங்கும் முன் சிறுநீரைக் கல்ச்சர் பரிசோதனைக்குக் கொடுக்குமாறு வலியுறுத்துகிறோம். முடிவு வர இரண்டு, மூன்று நாள்கள் ஆகலாம். எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்பதை அப்பரிசோதனை தெளிவாகச் சொல்லும்.

டைஃபாய்டு நோய் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு காலத்தில் டைஃபாய்டு என்றாலே சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் நிலை இருந்தது. இன்று நம் நாட்டில் காணப்படும் டைஃபாய்டுக் கிருமிகளில் பெரும்பாலானவை அதற்கு முழுமையாகக் கட்டுப்படுவதில்லை. அதனால் மருத்துவர்கள் அசித்ரோமைசின், செஃபிக்சிம், செஃப்ட்ரியாக்சோன் போன்றவற்றை நாடுகின்றனர். “அப்பாவுக்கு அன்று டைஃபாய்டுக்குக் கொடுத்த மாத்திரை” என்று பழைய சீட்டைத் தேடி எடுப்பது இக்காரணத்தாலும் பயனற்றது.

காசநோய் பற்றி மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்கு, பரிசோதனை எதுவும் இன்றி லெவோஃப்ளாக்சசினை உட்கொண்டால், உள்ளிருக்கும் காசநோய் அரைகுறையாக அடங்கி மறைந்து நிற்கும். நோயாளி தேறிவிட்டதாக எண்ணுவார். நோயைக் கண்டறிவது தள்ளிப்போகும். அதற்குள் கிருமி அம்மருந்தை எதிர்த்து நிற்கப் பழகிவிடவும் கூடும். பின்னர் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் வந்தால், அதற்கென வைத்திருக்கும் மருந்தை முன்பே இழந்தவராக அவர் நிற்பார். ஆதலின் நீடித்த இருமலுக்கு முதலில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வழியாகவும் அது இலவசமாகக் கிடைக்கிறது.

எச்சரிக்கைகள் எவ்வாறு வந்தன?

குயினலோன் மருந்துகளை உட்கொண்ட பெரும்பாலோருக்கு எவ்விதத் தொல்லையும் ஏற்படுவதில்லை. சிலருக்குக் குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி, தலைச்சுற்றல், தூக்கமின்மை ஆகியவை தோன்றி மறையும். மிகச் சிலருக்கு மட்டுமே கடுமையான தீங்குகள் நேர்கின்றன. அவை அரியவை. ஆயினும் அவற்றுள் சில நெடுநாள் நீடிக்கும். சில நிரந்தரமாகவும் தங்கிவிடும். இதனால்தான் உலகின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் படிப்படியாக விதிகளை இறுக்கின.

அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2008இல் தசைநாண் அறுந்துபோகும் ஆபத்தைப் பற்றி மிகக் கடுமையான எச்சரிக்கையை வெளியிட்டது. 2013இல் நரம்புப் பாதிப்பைப் பற்றிய எச்சரிக்கை வலுப்படுத்தப்பட்டது. 2016இல், எளிய சைனஸ் தொற்று, மூச்சுக்குழாய் அழற்சி, எளிய சிறுநீர்த் தொற்று ஆகியவற்றுக்கு வேறு மருந்து இருக்கும்போது இதைத் தரலாகாது என்று அறிவிக்கப்பட்டது. 2018இல் தாழ் சர்க்கரை, மனநிலை மாற்றம், பெருந்தமனிக் கிழிசல் ஆகியவை பற்றிய எச்சரிக்கைகள் சேர்ந்தன. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் ஐரோப்பிய மருந்து முகமை ஒரு பொது விசாரணையை நடத்தி, இம்மருந்தால் பாதிக்கப்பட்ட நோயாளிகளின் சொற்களை நேரில் கேட்டது. அதன் பின்னர் ஐரோப்பாவில் இதன் பயன்பாடு பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டது. பிரிட்டன் 2024 ஜனவரியில் மேலும் ஒரு படி சென்று, பொதுவாகப் பரிந்துரைக்கும் பிற நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் பொருந்தாதபோது மட்டுமே இதைத் தர வேண்டும் என்று விதித்தது.

இந்தியாவும் இதில் பின்தங்கி நிற்கவில்லை. இக்குடும்பத்தைச் சேர்ந்த கேட்டிஃப்ளாக்சசின் என்னும் மருந்து ரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு ஏற்றவும் இறக்கவும் செய்ததால், மாத்திரையாகவும் ஊசியாகவும் அதைப் பயன்படுத்துவது 2011இல் இங்கு தடை செய்யப்பட்டது. கண் சொட்டு மருந்தாக மட்டும் அது தொடர்கிறது. பொதுவாகவே கண் சொட்டு மருந்துகளில் இருந்து ரத்தத்தில் கலக்கும் அளவு மிகக் குறைவு. கண் அறுவைக்குப் பின் மாக்சிஃப்ளாக்சசின் சொட்டு மருந்து எழுதித் தரப்பட்டவர்கள் இக்கட்டுரையைப் படித்து அதை நிறுத்திவிட வேண்டாம்.

உடனே கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

கீழ்க்கண்டவற்றுள் எது தோன்றினாலும் அடுத்த வேளை மாத்திரையை உட்கொள்ளாமல், உடனே மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள்.

தசைநாண்: தசையை எலும்புடன் இணைக்கும் வலிமையான நாரே தசைநாண். குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணே மிகுதியாகப் பாதிக்கப்படுகிறது. தோள், மணிக்கட்டு, கட்டைவிரல் ஆகிய இடங்களிலும் வலி தோன்றலாம். மருந்தைத் தொடங்கிய இரண்டு நாள்களிலேயே இது வரக்கூடும். மருந்து முடிந்து பல மாதங்கள் கழித்தும் வரக்கூடும். வலியோ வீக்கமோ கண்டால் அவ்வுறுப்புக்கு ஓய்வு கொடுங்கள். அழுத்தித் தேய்ப்பதோ, நீவி விடுவதோ, உடற்பயிற்சி செய்வதோ கூடாது. ‘படார்’ என்ற ஓசையுடன் வலி தோன்றி நடக்க இயலாமல் போனால் தசைநாண் அறுந்திருக்கலாம்.

நரம்பு: கை கால்களில் எரிச்சல், குத்துவது போன்ற உணர்வு, மரத்துப்போதல், வலுவிழத்தல். நீரிழிவு உள்ளவர்கள் இவற்றைச் சர்க்கரையால் வந்தவை என்று எண்ணி விட்டுவிடக் கூடாது. மருந்து தொடங்கிய பின் புதிதாக வந்தவையா என்று பாருங்கள்.

மனநிலை: பதற்றம், குழப்பம், நினைவு தடுமாறுதல், இல்லாதவற்றைக் காணுதல் அல்லது கேட்டல், ஆழ்ந்த மனச்சோர்வு, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம். முதியவரிடம் திடீரென்று தோன்றும் தடுமாற்றத்தை வயதின் மேல் ஏற்றிவிட வேண்டாம். இம்மாற்றங்களை நோயாளியை விட உடனிருப்பவரே முதலில் காண்பார். வலிப்பும் அரிதாக வரக்கூடும்.

தாழ் சர்க்கரை: வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும் பசி, பேச்சுக் குழறல், மயக்கம். நினைவு இருந்தால் உடனே குளுக்கோஸ் அல்லது சர்க்கரை கரைத்த நீரைக் கொடுங்கள். நினைவு இல்லாதவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

இதயமும் பெருந்தமனியும்: நெஞ்சு படபடப்பு, மயங்கி விழுதல். மார்பிலோ முதுகிலோ வயிற்றிலோ திடீரென்று பொறுக்க முடியாத வலி.

ஒவ்வாமை: தோலில் தடிப்பு, முகம் அல்லது உதடு வீங்குதல், மூச்சுத் திணறல்.

மயங்கி விழுதல், நினைவிழத்தல், வலிப்பு, திடீர்க் கடுவலி, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் தொலைபேசியில் ஆலோசனைக்காகக் காத்திருக்காமல் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். மாத்திரை அட்டையையும் உடன் எடுத்து வாருங்கள். மருந்து முடிந்த சில வாரங்களில் நீர்போல் கடுமையான வயிற்றுப்போக்கு தொடங்கினாலும் எங்களிடம் தெரிவியுங்கள். குடலில் உள்ள நல்ல கிருமிகள் அழிந்து வேறொரு தீய கிருமி பெருகுவதால் அது வரக்கூடும்.

மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை

அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள், ஸ்டீராய்டு உட்கொள்பவர்கள், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்குத் தசைநாண் பாதிப்பு எளிதில் வரும். முன்பே ஒரு குயினலோன் மருந்தால் கடுந்தொல்லை அடைந்தவர்கள் மீண்டும் அதை உட்கொள்ளலாகாது. மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் தசைத் தளர்ச்சி நோய் உள்ளவர்களுக்கு இது மூச்சுவிடும் தசைகளையும் தளரச் செய்யலாம். ஆதலின் தவிர்க்கப்பட வேண்டும். பெருந்தமனி வீக்கம், இதயத் துடிப்புக் கோளாறு, வலிப்பு நோய், சிறுநீரகக் குறைபாடு ஆகியவை இருந்தால் தவறாமல் கூறுங்கள். சிறுநீரகம் குறைவாக இயங்கும்போது சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் ஆகியவற்றின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

கருவுற்றிருப்பவர்களும் பாலூட்டும் தாய்மார்களும் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். வளரும் விலங்குகளில் இம்மருந்து மூட்டுக் குருத்தெலும்பைப் பாதித்ததாகக் காணப்பட்டதால், குழந்தைகளுக்கு இது முதல் தேர்வாகத் தரப்படுவதில்லை. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் போன்ற நிலைகளில் குழந்தைகளுக்கும் மருத்துவர் இதைத் தேர்ந்தெடுப்பார். அப்போது பயன் ஆபத்தை விஞ்சுவதாக ஆராய்ந்தே தருகிறார். பெரியவருக்கு வாங்கிய மாத்திரையை உடைத்துக் குழந்தைக்குக் கொடுப்பது மட்டும் எந்நாளும் கூடாது.

மற்ற மருந்துகளையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். முதுகுவலிக்கும் கழுத்துவலிக்கும் தரப்படும் டிசானிடின் மருந்தைச் சிப்ரோஃப்ளாக்சசினுடன் சேர்த்து உட்கொள்ளவே கூடாது. ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். நீரிழிவுக்கான கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு போன்றவற்றுடன் சேரும்போது சர்க்கரை மிகவும் இறங்கலாம். ரத்தம் உறையாதிருக்கத் தரப்படும் வார்ஃபரினின் ஆற்றல் கூடி ரத்தக் கசிவு ஏற்படலாம். மூச்சிரைப்புக்கான தியோஃபிலின் உடலில் தேங்கலாம். வாந்தியை நிறுத்தும் ஆன்டன்செட்ரான், இதயத் துடிப்புக்கான அமியோடரோன் ஆகியவற்றுடன் சேர்ந்தால் துடிப்பின் ஒழுங்கு கெடக்கூடும். வலி மாத்திரைகள் சில வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும். இவற்றையெல்லாம் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வீட்டிலுள்ள மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்து வந்தால் போதும். சரிபார்ப்பது எங்கள் கடமை.

உட்கொள்ளும் முறை

சிப்ரோஃப்ளாக்சசின் உடலிலிருந்து விரைவில் நீங்குவதால் பெரும்பாலும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும், லெவோஃப்ளாக்சசின் நாளுக்கு ஒரு முறையும் தரப்படுகின்றன. நாள்தோறும் அதே நேரத்தில் உட்கொள்ளுங்கள். ஒரு வேளை தவறினால், நினைவு வந்தவுடன் உட்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் தவறியதை விட்டுவிடுங்கள். இரண்டு வேளை மாத்திரைகளை ஒன்றாக விழுங்கக் கூடாது.

கால்சியம், இரும்பு, துத்தநாகம், மெக்னீசியம், அலுமினியம் ஆகியவை இம்மருந்தைக் குடலிலேயே பற்றிப் பிடித்துக்கொள்கின்றன. மருந்து ரத்தத்தில் சேராமல் வெளியேறிவிடும். எனவே இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் அமில முறிவு மருந்து, சத்து மாத்திரைகள் ஆகியவற்றுடன் சேர்த்து உட்கொள்ளாதீர்கள். சிப்ரோஃப்ளாக்சசினை அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ உட்கொள்ள வேண்டும். லெவோஃப்ளாக்சசினுக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேர இடைவெளி போதும். பால், தயிர், மோர் ஆகியவற்றை மட்டும் குடித்து அவற்றுடன் சிப்ரோஃப்ளாக்சசினை விழுங்குவதும் தவறு. வழக்கமான உணவில் சிறிது மோர் சேர்ந்திருப்பதால் பெருந்தீங்கு இல்லை. நீரால் விழுங்குவதே நல்லது. பகலில் போதிய நீர் அருந்துங்கள். இதய நோய்க்காகவோ சிறுநீரக நோய்க்காகவோ நீரைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இம்மருந்து உட்கொள்ளும் நாள்களில் தோல் வெயிலால் எளிதில் பொசுங்கும். உச்சிவெயிலைத் தவிருங்கள், வெளியே செல்ல நேர்ந்தால் குடையும் முழுக்கைச் சட்டையும் உதவும். சிப்ரோஃப்ளாக்சசின் காபியில் உள்ள காஃபீன் உடலைவிட்டு நீங்குவதைத் தாமதப்படுத்தும். படபடப்பும் தூக்கமின்மையும் வந்தால் காபியைக் குறைத்துப் பாருங்கள். தலைச்சுற்றல் இருந்தால் வண்டி ஓட்ட வேண்டாம்.

முடிப்பதா, நிறுத்துவதா?

“ஆன்டிபயாடிக்கை முழுமையாக முடிக்கச் சொன்னீர்கள், இப்போது நிறுத்தச் சொல்கிறீர்களே?” என்று உடனிருப்போர் எங்களைக் கேட்பதுண்டு. இரண்டும் உண்மையே. உடல் தேறிவிட்டது என்பதற்காக நீங்களே பாதியில் நிறுத்தக் கூடாது. மருத்துவர் குறித்த நாள்கள் வரை உட்கொள்ள வேண்டும். ஆனால் மேலே கூறிய எச்சரிக்கை அறிகுறிகள் தோன்றினால், நாள்களை எண்ணிக்கொண்டிருக்காமல் நிறுத்திவிட்டு அன்றே எங்களிடம் தெரிவிக்க வேண்டும். தொற்று முழுமையாக நீங்குவதற்கு வேறொரு மருந்தை நாங்கள் தருவோம். காசநோய்க்காக இதை உட்கொள்பவர்கள் தம் சிகிச்சை மையத்தை அன்றே தொடர்புகொள்ள வேண்டும். ஏனைய காசநோய் மருந்துகளைத் தாமாக நிறுத்தலாகாது.

நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளின் அட்டையில் சிவப்புக் கோடு ஒன்று இருப்பதைக் கண்டிருப்பீர்கள். மருத்துவரின் சீட்டு இன்றி இதை உட்கொள்ளாதீர்கள் என்பதே அதன் பொருள். மீந்த மாத்திரைகளை அடுத்த முறைக்கென்று சேர்த்து வைக்காதீர்கள். அண்டை வீட்டாருக்குக் கொடுக்காதீர்கள். சாக்கடையிலோ கழிப்பறையிலோ கொட்டாதீர்கள். எங்கள் மருந்தகத்தில் கொண்டுவந்து ஒப்படையுங்கள்.

தொடக்கத்தில் கூறிய அம்மையாரிடம் மீண்டும் வருவோம். அவருடைய வயது, நீரிழிவு மாத்திரை, ஸ்டீராய்டு ஆகிய மூன்றும் குயினலோன் மருந்தை அவருக்கு ஆபத்தானதாக ஆக்கின. அவருடைய வயிற்றுப்போக்குக்கோ ஓ.ஆர்.எஸ். கரைசலும் ஓரிரு நாள் பொறுமையும் போதுமானவையாக இருந்திருக்கும். தைலம் தடவிய அந்தக் குதிகால் வலி முதல் எச்சரிக்கை மணி. அதை யாரேனும் அறிந்திருந்தால், மறுநாள் விடியற்காலையில் ஆம்புலன்ஸைத் தேடும் நிலை வந்திராது. அதே அம்மையாருக்கு நாளை சிறுநீரகத்தில் கடுந்தொற்று வந்து, கல்ச்சர் முடிவு வேறு வழியில்லை என்று காட்டுமானால், நாங்களே இதே மருந்தை எழுதித் தரவும் கூடும். அப்போது அளவைக் கணக்கிட்டு, நீரிழிவு மாத்திரையை மாற்றி, சர்க்கரையை அடிக்கடி பார்த்துத் தருவோம்.

அடுத்த முறை ‘ஃப்ளாக்சசின்’ என்று முடியும் மருந்து உங்கள் சீட்டில் இருந்தால், மருத்துவரிடம் தயங்காமல் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இந்நோய்க்கு இதுதான் தேவையா? என் வயதுக்கும் என் மற்ற நோய்களுக்கும் மருந்துகளுக்கும் இது பொருந்துமா? எந்த அறிகுறி கண்டால் நிறுத்திவிட்டு வர வேண்டும்? இக்கேள்விகளை நாங்கள் குறுக்கீடாகக் கருதுவதில்லை. உங்கள் வீட்டில் நோயாளியைக் காப்பவர் நீங்கள். நீங்கள் அறிந்திருப்பது எங்கள் சிகிச்சையின் ஒரு பகுதியே.